கோயா சம்புரு: ஒகினாவாக்காரர்களின் பாகற்காய்ப் பொரியல்

ஜப்பானின் தெற்குக் கோடித் தீவுகளான ஒகினாவாவின் நாஹா நகரில் சந்துக்குச் சந்து 'ஷொகுதோ' இருக்கும். நம்மூர் மெஸ் மாதிரி சின்னச் சாப்பாட்டுக் கடை. அங்கே கோயா சம்புரு கேட்டால் சோறும் மிசோ சூப்பும் (புளிக்க வைத்த சோயா விழுதில் செய்வது) பெரும்பாலும் தானாகவே கூட வந்துவிடும். இது தெரியாமல் முதல் நாள் தனியாகச் சோறும் சொல்லிவிட்டு, இரண்டு கிண்ணச் சோற்றுக்கு முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோயா என்றால் பாகற்காய். சம்புரு என்றால் கலவை. புளி, வெல்லம் எதுவும் போட்டுக் கசப்பை அடக்க மாட்டார்கள். கசப்பு கசப்பாகவே இருக்கும். டோஃபுவும் (சோயா பாலில் செய்த பனீர் மாதிரி) முட்டையும் பக்கத்தில் நின்று சமாளிக்கும். முதல் தடவை செய்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு பேருக்கு வேண்டியவை: கால் கிலோ பாகற்காய், 200 கிராம் கெட்டி டோஃபு, இரண்டு முட்டை, 100 கிராம் பன்றி இறைச்சி, சோயா சாஸ், உப்பு, எண்ணெய். மிதி பாகல் வேண்டாம், கசப்பு தாங்காது. வெளிர்பச்சையில் பருத்த கொம்பு பாகலாகப் பாருங்கள்.

முதலில் டோஃபு. துணியில் சுற்றி, மேலே அம்மிக் குழவி மாதிரி கனமான எதையாவது வைத்து இருபது நிமிடம் விடுங்கள். ஒகினாவாவின் 'ஷிமா டோஃபு' இயல்பிலேயே கெட்டி. நமக்குக் கிடைப்பதில் தண்ணீர் அதிகம். நான் முதலில் செய்தபோது இதை விட்டுவிட்டேன், பொரியல் கூழாகிவிட்டது.

அதற்குள் பாகற்காயை நீளவாக்கில் பிளந்து, விதையையும் வெள்ளைச் சதையையும் கரண்டியால் வழித்தெடுங்கள். அரை நிலா வடிவில், தோசை கனத்துக்கு நறுக்கி, அரை ஸ்பூன் உப்பு பிசிறிப் பத்து நிமிடம் வையுங்கள். அப்புறம் ஒருமுறை அலசிப் பிழிந்தால் சரி. (1993 வரை இந்தக் காயை ஒகினாவாவிலிருந்து ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கு அனுப்பத் தடை இருந்தது. காய்க்குள் முட்டையிடும் ஒரு ஈதான் காரணம். மலடாக்கிய ஈக்களைக் கூட்டம் கூட்டமாகப் பறக்கவிட்டு அந்த இனத்தை ஒழித்தார்கள்.)

இனி அடுப்பு. இரும்புச் சட்டி புகையும் வரை காயட்டும். எண்ணெய் விட்டு, டோஃபுவைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடுங்கள். ஒழுங்கில்லாத ஓரங்கள்தான் நன்றாக முறுகும். போட்டதும் கிண்டாதீர்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகி, சட்டியிலிருந்து தானே விடுபட்டதும் திருப்பி, சிவந்ததும் தனியே எடுத்துவிடுங்கள்.

அதே சட்டியில் இறைச்சியை வதக்குங்கள். கடைகளில் பெரும்பாலும் டின் இறைச்சிதான் போடுவார்கள். 1945 போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்தோடு வந்து அங்கேயே தங்கிவிட்ட பழக்கம் அது. டின் இறைச்சி என்றால் உப்பைக் குறையுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் இதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

அடுத்து பாகற்காய், இரண்டே நிமிடம். பச்சை நிறம் போகக்கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். டோஃபுவைத் திரும்பப் போட்டு, சட்டியின் ஓரமாக இரண்டு ஸ்பூன் சோயா சாஸ் விடுங்கள். சுர்ரென்று வாசனை எழும்பும். உடனே அடித்த முட்டையை ஊற்றி, பத்து எண்ணும் வரை தொடாமல் விட்டு, இரண்டு புரட்டு. முட்டை பாதி வெந்திருக்கும்போதே அடுப்பை அணையுங்கள், மீதி சட்டிச் சூட்டில் வெந்துவிடும்.

மேலே கட்சுஒபுஷி தூவுவார்கள்: சூரை மீனைப் புகையிட்டு உலர்த்தி, காகிதம் போல் சீவியது. அது கிடைக்காவிட்டால் நம் மாசிக் கருவாட்டை மெல்லியதாகச் சீவிப் போடலாம். அதுவும் சூரைதான், ஆனால் கட்சுஒபுஷி போல ஆவியில் நெளிந்து ஆடாது.

சூடாகவே சாப்பிடுங்கள். மதியத்துக்கு டப்பாவில் கட்டும் எண்ணமிருந்தால் வேண்டாம், பாகற்காய் தண்ணீர் விட்டு முட்டையெல்லாம் நொசநொசத்துவிடும்.