ஞாயிறு இரவு: மாங்கா அரட்டையும் வீட்டுப்பாடமும்
மாங்கா என்றால் ஜப்பானியக் காமிக்ஸ். வீக்லி ஷோனென் ஜம்ப் என்ற மாங்கா இதழின் தொடர்களுக்குப் புது அத்தியாயம் மாங்கா பிளஸ் செயலியில் வருவது ஜப்பானில் திங்கள் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு. இந்தியா, இலங்கை நேரப்படி ஞாயிறு இரவு 8.30. திங்கட்கிழமை வீட்டுப்பாடச் சந்தேகங்களும் அதே நேரத்தில்தான் குவியும், அரட்டையில் முங்கிப்போகும். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் உள்ள எங்கள் குழுவில் இதைச் சரிசெய்தது இப்படி.

மாங்காவுக்கும் பாடத்துக்கும் தனித்தனி சேனல், அதாவது குழுவுக்குள் தனி அரட்டைப் பகுதி. வீட்டுப்பாடம் எழுதி முடிக்கும்வரை மாங்கா சேனலை அழுத்திப் பிடித்து 3 மணி நேரம் மியூட் செய்யலாம். ஆனால் யாராவது @ போட்டு உங்களைக் கூப்பிட்டால் மியூட்டையும் மீறித் தெரியும். அதனால் அந்தச் சேனலில் @ போடுவதில்லை என்று பேசிவைத்தோம். இந்த உடன்பாடுதான் முக்கியம்.

இன்னும் படிக்காதவர்களுக்குக் கதை தெரியாமல் மறைக்க, வரியின் இருபுறமும் || போட வேண்டும். ஒரு பக்கம் விட்டாலும் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். படத்துக்கு இது பலிக்காது. அனுப்பும் முன்பே ஸ்பாய்லர் (கதையை முன்கூட்டியே சொல்லிவிடுவது) என்று குறிக்க வேண்டும். அத்தியாய எண்ணை மட்டும் கோடுகளுக்கு வெளியே எழுதுங்கள், இல்லாவிட்டால் திறக்கலாமா என்று படிக்காதவருக்குத் தெரியாது.

கணக்குச் சந்தேகத்துக்குப் பக்க எண், கேள்வி எண், சிக்கிய வரிவரை போட்ட கணக்கின் படம் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு த்ரெட், அதாவது சேனலுக்குள் தனி உரையாடல்.