பதினெட்டாம் பெருக்குக்கு ஐந்து சாதம்: அயல்நாட்டுச் சமையலறையில் செய்யும் முறை

திருவையாற்றில் ஆடி மாதம் பதினெட்டாம் நாள் எங்கள் வீட்டு அடுப்பில் விடியற்காலை 4 மணிக்கே உலை ஏறிவிடும். வெயில் ஏறுவதற்குள் ஐந்து வகைச் சாதமும் தூக்குகளிலும் சம்புடங்களிலும் அடைபட்டுப் புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். பதினோரு ஆண்டுகள் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியிருந்துவிட்டு நான் ஊர் திரும்பிவிட்டேன், ஆனால் படிக்கவும் வேலை பார்க்கவும் அங்கே போயிருக்கும் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள், ஒவ்வோர் ஆடியிலும், “சித்தி, சாதம் குழைந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?” என்று தொலைபேசியில் அழைக்கிறார்கள். சாதம் குழைந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால், குழைவதற்கு முன்பே படிக்கும்படி இதை எழுதி வைக்கிறேன். இதுவரை தாளித்துப் பழகாதவர்களும் செய்ய முடியும்.

வெளிநாட்டில் முதன்முதலாக ஒரு பண்டிகைச் சமையலைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பொங்கலையோ தீபாவளியையோ தேர்ந்தெடுக்கிறார்கள். பொங்கலுக்கு வெயில் விழும் வாசலும் புதுப்பானையும் வேண்டும். தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்க வேண்டும். பதினெட்டாம் பெருக்கின் சமையலோ வீட்டில் செய்து, ஆறவிட்டு, கட்டி எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் உண்பதற்காகவே அமைந்த கட்டுச்சோறு. ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி வரும் இந்த நாள், ஐரோப்பாவில் நல்ல கோடைக்காலம். வேலை நாளாக இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிக்கொள்வதில் குற்றமில்லை என்பது என் கருத்து. காவிரித்தாய் கருவுற்றிருக்கிறாள், மசக்கைக்காரிக்குப் புளிப்பும் இனிப்புமாகப் பல சுவைகளில் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்ற சித்திரான்ன வரிசையும், அவற்றோடு வைக்கும் காப்பரிசியும் அப்படி வந்தவைதான்.

ஒரு வாரம் முன்னதாக: கடைக்குப் போதல்

ஜெர்மனியின் பெரிய நகரங்களில் இலங்கைத் தமிழர்கள் நடத்தும் மளிகைக் கடைகள் இருக்கின்றன. அங்கே பொன்னி அல்லது சோனா மசூரிப் பச்சரிசி, கட்டிப் புளி, வெல்லம், பெருங்காயம், கறிவேப்பிலை, மோர்மிளகாய், துருவி உறையவைத்த தேங்காய் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளலாம். பாசுமதி அரிசியைத் தவிர்த்துவிடுங்கள். அதற்கென்று ஒரு மணம் இருப்பதால் புளியோடு ஒட்டாமல் தனியே நிற்கும்.

வாங்கும் பொருள்களில் மிகவும் கவனம் தேவைப்படுவது நல்லெண்ணெய். என் முதல் ஆண்டில், பக்கத்துத் தெருவில் இருந்த கிழக்காசியக் கடையில் எள்ளெண்ணெய் என்று கேட்டு, கருஞ்சிவப்பாக இருந்த ஒரு புட்டியை வாங்கி வந்து, அரை லிட்டர் புளிக்காய்ச்சலையும் அதிலேயே காய்ச்சிவிட்டேன். அந்த எண்ணெய் எள்ளைக் கருக வறுத்துப் பிழிந்தது. கடைசியில் இரண்டு மூன்று சொட்டு விடுவதற்கு உரியதே தவிர, தாளிப்பதற்கு உரியதன்று. அன்று வீடு முழுவதும் கருகிய எள் நாறியது. புளிச்சாதத்தை ஒருவரும் இரண்டாவது கவளம் எடுக்கவில்லை. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டிய, வெளிர்மஞ்சள் நிற எண்ணெய். புட்டியில் தமிழில் ‘நல்லெண்ணெய்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது பாதுகாப்பு.

எலுமிச்சையிலும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கிடைக்கும் பெரிய, தடித்த தோலுள்ள மஞ்சள் பழத்தில் சாறு மிகுதி, புளிப்பு மென்மை. பச்சை நிறத்தில் சிறியதாக இருக்கும் பழமே நம் நாட்டு எலுமிச்சைக்கு நெருங்கிய உறவு. தயிருக்கு, கெட்டியாக வடிகட்டிய கிரேக்கத் தயிர் வேண்டா, 3.5 விழுக்காடு கொழுப்புள்ள சாதாரணத் தயிர் போதும். பாத்திரங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: ஊரிலிருந்து கொண்டுபோன அலுமினியக் குக்கரும் பித்தளை உருளியும் மின்தூண்டல் அடுப்பில் சூடேறா, அடி உருண்ட வாணலி தட்டைக் கண்ணாடி அடுப்பில் சரியாக உட்காராது.

இனி அளவுகள். மின்சாரக் குக்கரோடு வரும் 180 மில்லி கோப்பையையே எல்லாவற்றுக்கும் அளவாகக் கொள்கிறேன். அதில் ஏறத்தாழ 150 கிராம் அரிசி பிடிக்கும். புளிச்சாதத்துக்கு 2 கோப்பை, மற்ற நான்கிற்கும் ஒவ்வொரு கோப்பை என மொத்தம் 6 கோப்பை அரிசி, எட்டுப் பேர் தாராளமாக உண்ணப் போதும்.

முதல் நாள் மாலை: புளிக்காய்ச்சல்

முதல் நாளே செய்துவிடக் கூடியது, செய்தால் சுவை கூடக் கூடியது இது ஒன்றுதான். 50 கிராம் புளியைச் சுடுநீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து, சக்கையைப் பிழிந்து எறியுங்கள். வாணலியில் எண்ணெய் இல்லாமல் 1 மேசைக்கரண்டி தனியா, அரைத் தேக்கரண்டி வெந்தயம், 4 காய்ந்த மிளகாய் ஆகியவற்றைச் சிறு தீயில் வறுத்து, வெந்தயம் செம்பழுப்பாக மாறியதும் இறக்கிப் பொடித்து வையுங்கள். வெந்தயம் கருத்துவிட்டால் கசக்கும். அப்படி நேர்ந்தால் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி வறுப்பதே நல்லது.

பிறகு 6 மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, முதலில் வேர்க்கடலையை வறுத்துத் தனியே எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் 1 தேக்கரண்டி கடுகைப் போட்டு, அது வெடித்து முடிந்ததும் 2 மேசைக்கரண்டி கடலைப் பருப்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய் 6, பெருங்காயம், கறிவேப்பிலை என்ற வரிசையில் சேர்த்து, பருப்பு பொன்னிறமானதும் புளிக்கரைசல், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், 2 தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சேருங்கள். (மிளகாய் எண்ணெயில் விழும் நேரத்தில் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். சன்னலை முன்பே திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள்.) நடுத்தரத் தீயில் இருபது நிமிடங்கள் கொதித்துச் சுண்ட வேண்டும். கடிகாரத்தைவிட எண்ணெயைப் பார்ப்பதே சரி: குழம்பாக இருந்தது கூழாக இறுகி, எண்ணெய் ஓரங்களில் பிரிந்து நிற்கும்போது வறுத்த பொடியையும் ஒரு சிறு துண்டு வெல்லத்தையும் சேர்த்துக் கிளறி இறக்கலாம். தொட்டு நக்கினால் உப்பும் புளிப்பும் தாங்க முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். சாதத்தில் சேர்ந்த பிறகுதான் அது அளவாகும்.

முதல் நாள் மாலையிலேயே சாதத்தையும் வடித்து வெளியே வைத்துவிட்டால் காலையில் வேலை குறையுமே என்று ஒருவர் கேட்டார். அதைச் செய்யாதீர்கள். சமைத்த சோறு இரவெல்லாம் சமையலறைச் சூட்டில் கிடந்தால் பேசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரி பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

காலை: சாதம்

புளி, எலுமிச்சை, தேங்காய் ஆகிய மூன்றிற்கும் சேர்த்து 4 கோப்பை அரிசியை ஒன்றாகவே வடிக்கலாம். நாள்தோறும் சாம்பார் ஊற்றிப் பிசைவதற்கு வைக்கும் பதத்தில் இந்தச் சாதம் இருக்கக் கூடாது. இந்த விருந்தில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். அரிசியை மூன்று முறை களைந்து, இருபது நிமிடம் ஊறவைத்து, நீரை முற்றிலும் வடித்துவிட்டு, ஒரு கோப்பைக்கு 2 கோப்பை என 8 கோப்பை நீர் ஊற்றி, 2 தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு வேகவையுங்கள். வெந்தவுடன் மூடியைத் திறந்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டுங்கள். தாம்பாளம் இல்லாதவர்கள் அடுமனைத் தட்டைப் பயன்படுத்தலாம், நான் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். மேலே இன்னும் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயை விட்டு, கரண்டியின் விளிம்பால் கீழிருந்து மேலாகப் புரட்டிவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை தொடாதீர்கள். சூடாக இருக்கும்போது கிளறினால் பருக்கை உடைந்து, மாவாகி, எதைச் சேர்த்தாலும் களிபோல ஆகிவிடும்.

ஆறிய சாதத்தில் பாதியை எடுத்து, அதில் புளிக்காய்ச்சலின் முக்கால் பங்கை மட்டும் சேர்த்துக் கலந்து, வறுத்த வேர்க்கடலையைத் தூவி மூடி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சுவை பார்த்தால், சாதம் புளியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் மங்கலாக இருக்கும். மீதிக் காய்ச்சலில் எவ்வளவு வேண்டும் என்பதை அப்போது முடிவு செய்யுங்கள்.

எலுமிச்சைச் சாதத்துக்கு 2 மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, கடலைப் பருப்பு, கீறிய பச்சை மிளகாய் 3, நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் ஆகியவற்றைத் தாளித்து, அடுப்பை அணைத்துவிட்டு, சற்று ஆறிய பிறகு 2 மேசைக்கரண்டி சாறும் உப்பும் சேருங்கள். சாறு கொதித்தால் கசப்பேறும். இதை ஒரு கோப்பை அரிசியின் சாதத்தோடு கலந்தால் முடிந்தது.

தேங்காய்ச் சாதம் கடைசியில் செய்து முதலில் உண்ண வேண்டியது, ஏனெனில் ஐந்தில் மிக விரைவாகக் கெடுவது அதுதான். உறைந்த தேங்காயை நீர்விடும்வரை வெளியே வைத்து, துணியில் இறுக்கிப் பிழிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வறுபடுவதற்குப் பதிலாக வேகும். கடுகு, உளுத்தம் பருப்பு, முந்திரி, காய்ந்த மிளகாய் தாளித்து, ஒரு கோப்பைத் தேங்காய்த் துருவலைச் சேர்த்து, ஈரம் போய் மணம் எழுந்து இலேசாக நிறம் மாறும்வரை வறுத்து, உப்போடு சாதத்தில் கலக்கவும்.

தயிர்ச்சாதத்துக்கு மட்டும் குழைந்த சாதம் வேண்டும்: 1 கோப்பை அரிசிக்கு 4 கோப்பை நீர். இளஞ்சூட்டில் நன்றாக மசித்து, 1 கோப்பை காய்ச்சி ஆறிய பாலும் 1 கோப்பைத் தயிரும் உப்பும் சேர்த்துத் தளரக் கரையுங்கள். ஊரில் எங்கள் அம்மா பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டிதான் சேர்ப்பார். படித்துறை வெயிலில் நண்பகலுக்குள் அது தானே உறைந்துவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகும் இடத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. பால் பாலாகவே இருந்துவிடும். மேலே கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து ஊற்றி, மோர்மிளகாயைத் தனியே பொரித்து எடுத்துக்கொள்ளவும்.

சர்க்கரைப் பொங்கலுக்கு 1 கோப்பை அரிசியையும் இலேசாக வறுத்த கால் கோப்பைப் பாசிப்பருப்பையும் 4 கோப்பை நீர், 1 கோப்பைப் பாலில் குழைய வேகவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும் பதம் வந்த பிறகே வெல்லத்தைச் சேருங்கள். வெல்லம் விழுந்தபின் அரிசி வேகாது. 300 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றி, 6 மேசைக்கரண்டி நெய்யைப் பகுதி பகுதியாக விட்டுக் கிளறி, ஏலக்காய்ப் பொடியும் நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சையும் சேர்த்து இறக்குங்கள். பச்சைக் கற்பூரம் கிடைத்தால் கடுகளவு. அதற்கு மேல் போனால் கோயில் வாசனை மாறி மருந்து வாசனை வந்துவிடும்.

காப்பரிசிக்கு அடுப்பே வேண்டா. அரைக் கோப்பைப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, பொடித்த வெல்லம், பொட்டுக்கடலை, வறுத்த எள், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் சேர்த்துப் பிசறினால் போதும். படைத்த பிறகு ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பது வழக்கம்.

கரையில்

அகலமான டப்பாக்களில் தளர்வாக நிரப்புங்கள். ஆழமான பாத்திரத்தில் அமுக்கினால் அடிச்சாதம் கட்டியாகும். தயிர்ச்சாதமும் தேங்காய்ச் சாதமும் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகட்டும், மற்றவை வெளியில் இருக்கலாம்; ஆனால் எல்லாவற்றையும் நண்பகல் உணவாக அன்றே முடித்துவிடுங்கள்.

ரைன் கரையில் புல்வெளி பார்த்து உட்காருவோம். ஒரு செம்பில் ஆற்று நீரை முகந்து வைத்து, மஞ்சள் பிள்ளையார், பூ, பழம், மஞ்சள் சரடு, ஐந்து சாதங்களிலும் சிறிது என்று அதன் முன்னால் படைத்து, சரடைக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொள்வோம். ஆற்றில் எதையும் விடுவதில்லை. செம்பு நீரை மட்டும் திரும்ப ஊற்றுவோம். அருகில் ஆறே இல்லாதவர்கள் குடத்தில் குழாய் நீரைப் பிடித்து மஞ்சள் கலந்து வைத்துக்கொள்ளலாம். அது வெளிநாட்டுக்காகச் செய்த சமாதானம் என்று எண்ண வேண்டா. ஐந்து ஆறுகளின் பெயரைத் தாங்கிய எங்கள் திருவையாற்றிலேயே, மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாமல் ஆடி பிறந்தும் மணல் மட்டுமே தெரிந்த ஆண்டுகளில், நாங்கள் குழாயடியில்தான் கும்பிட்டிருக்கிறோம்.

பரிமாறும்போது தேங்காய்ச் சாதத்தில் தொடங்கித் தயிர்ச்சாதத்தில் முடிக்கலாம். தட்டுக் கொடுப்பதைவிட, வட்டமாக உட்காரவைத்து ஒருவர் உள்ளங்கையில் உருட்டிக் கொடுப்பதே எங்கள் வீட்டு முறை. கழுவும் பாத்திரமும் குறையும். தொட்டுக்கொள்ள வடாம் போதும். அதை எண்ணெய் தடவி நுண்ணலை அடுப்பில் ஒரு நிமிடம் வைத்தாலே பொரிந்துவிடும். மீந்த புளிக்காய்ச்சலை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், வேலையிலிருந்து களைத்து வரும் இரவுகளில் சாதம் மட்டும் வடித்தால் போதும். ஈரக்கரண்டி அதில் படக் கூடாது.