வாசலில் கார், நடுவில் நடைபாதை

லண்டனில் எங்களுடையது வரிசை வீடு. கதவு, நாலடித் தோட்டம், நடைபாதை, அப்புறம்தான் எங்கள் மின்சார கார். வீட்டிலிருந்து சார்ஜ் செய்ய கேபிளை நடைபாதைமேல் போட்டு ரப்பர் பட்டையால் மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். யாராவது தடுக்கி விழுந்தால் வம்பு நமக்குத்தான்.

வழி, நடைபாதையில் மூடியோடு ஒரு மெல்லிய கேபிள் பள்ளம். முதலில் கவுன்சிலிடம், அதாவது உள்ளாட்சியிடம், கேளுங்கள். எல்லா கவுன்சிலும் அனுமதிப்பதில்லை. நான் அவசரப்பட்டு 7 கிலோவாட் சார்ஜரை முதலில் மாட்டினேன். எட்டு மாதம் அது சுவரில் சும்மா தொங்கியது.

பள்ளத்தை நாமே வெட்டக்கூடாது. கீழே தண்ணீர், கேஸ், மின்சாரம் எல்லாம் ஓடுகிறது. பல இடங்களில் கவுன்சிலின் ஒப்பந்தக்காரரே செய்வார். இல்லையென்றால் 1991 சாலைப் பணிச் சட்டப்படி உரிமம் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் மர வேர், விளக்குக் கம்பம், நடைபாதையில் உள்ள குழி மூடிகள் எங்கே என்று படம் எடுத்து வையுங்கள். வேலை நாளில் காரை நகர்த்திவிடுங்கள். குழந்தைத் தள்ளுவண்டிக்கு வழி விடும்படி வேலையாட்களிடம் சொல்லுங்கள்.

வாசலுக்கு எதிரே சாலையில் கார் நிறுத்தும் இடம் நமக்குச் சொந்தமில்லை. அதை எனக்கு விடும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்பாகப் பேசி வைத்தேன். இரண்டு டப்பா முறுக்கு செலவு. வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக்கூட்டு வரி (VAT) 5%, பொதுச் சார்ஜருக்கு 20%. முறுக்குக் கணக்கு எப்போதோ தேறிவிட்டது.