மனம் மாறாமல் பழக்கத்தை மட்டும் மாற்றப் பார்ப்பது: விசுவாசிகள் செய்யும் தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கண்ணீரோடு எடுக்கும் தீர்மானம் பலருக்குப் பொங்கல்வரைகூடத் தாங்குவதில்லை. "இனி கோபப்படமாட்டேன்" என்பதில் எப்போது, யாரிடம், என்ன செய்வது என்று எதுவுமே இல்லை. முதலில் எப்போது, யாரிடம் கோபப்படுகிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அதே நேரம், அதே ஆள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்: மாலை ஏழு மணி, வீட்டுப்பாடம், பிள்ளை.

நடந்ததை மட்டும் எழுதினால் போதாது. கத்துவதற்குச் சற்று முன் மனதில் ஓடியதைப் பிடியுங்கள். "சத்தம் போட்டால்தான் இவன் படிப்பான்." புதிதாக வேண்டும் என்று ரோமர் 12:2 சொல்வது இந்த மனத்தைத்தான். இது அப்படியே இருந்தால் எத்தனை நாள் உபவாசம் இருந்தாலும் வாய் அடங்காது.

அடுத்து, வசனத் தேர்வு. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வந்த ஆசீர்வாத வசனத்தையே எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருப்போம். ஆறுதல் கிடைக்கும், அந்தத் தவறான எண்ணம் அசையாது. அதை நேராக மறுப்பது யாக்கோபு 1:20: மனிதனின் கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்காது. மூன்று நான்கு வாரம் இந்த ஒரு வசனம் போதும். காலை ஜெபத்தில் சொன்னாலும், மாலை ஆறே முக்காலுக்கு இன்னொரு முறை சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கெட்ட பழக்கத்தை விட்டதோடு நின்றுவிடுவது. எபேசியர் 4:22-24 பழைய மனுஷனைக் களையச் சொல்கிறது, உள்ளம் புதிதாக வேண்டும் என்கிறது, புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளவும் சொல்கிறது. 28ஆம் வசனத்துத் திருடன் திருட்டை விட்டால் மட்டும் ஆகாது. உழைத்து, இல்லாதவனுக்குக் கொடுக்கவும் வேண்டும். மத்தேயு 12:43-45இல் பெருக்கி வெறுமையாக விட்ட வீட்டுக்கு, விட்டுப் போன அசுத்த ஆவி இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறது. ஆகவே கத்துவதற்குப் பதிலாக என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்யுங்கள்: பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு கணக்கைச் சேர்ந்து போடுவது.

யாக்கோபு 5:16 சொல்லும் பாவ அறிக்கையை, நம்பகமான ஒருவரிடம் செய்யுங்கள். ஜெபக்குழு முழுக்கச் சொன்னால் அது ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊரைச் சுற்றி வரும்.

சறுக்கினால், கர்த்தரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்துவிடாதீர்கள். பிள்ளையிடமும் கேளுங்கள், "ஆனாலும் நீ..." என்று இழுக்காமல்.

குடி விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம். பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் உபவாச ஜெபத்தில் உட்கார்ந்து ஒரேயடியாக நிறுத்தினால், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதைப் பிசாசின் போராட்டம் என்று எண்ணி ஜெபித்துக்கொண்டே காத்திருக்கக் கூடாது. நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.