வடிகால் மூடிமேல் பூந்தொட்டி வைக்கலாமா?

சிங்கப்பூரில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் துளசி, கறிவேப்பிலை, பாண்டான் எனப் பத்துப் பன்னிரண்டு தொட்டிகளை வாசலுக்கு வெளியே, வடிகாலின் இரும்புக் கம்பி மூடிமேல் அடுக்கியிருந்தார். பார்க்க அழகுதான். டிசம்பரில் ஒரு நாள் மழை கொட்டியபோது, தொட்டிகளின் அடித்தட்டுகள் கம்பி இடைவெளிகளை மூடிவிட்டன, மிச்சத்தை இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டன. தண்ணீர் இறங்க வழியில்லாமல் அவர் காரின் டயர் வரை ஏறியது. இரண்டு பேர் சேர்ந்து நாலு தொட்டிகளை நகர்த்தியதும் மடமடவென்று உள்ளே இறங்கியது.

இந்தத் தவறுக்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். ஊர் ஞாபகத்தில் இதைச் சாக்கடை என்கிறோம். சாக்கடை என்றால் எதையும் கொட்டலாம் என்றாகிவிடுகிறது. சிங்கப்பூரில் குளியலறை, சமையலறைத் தண்ணீருக்குத் தனிக் குழாய். சாலையோர வடிகாலில் ஓடுவது மழைநீர். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. ஆக, வீட்டைப் புதுப்பிக்கும்போது சிமெண்டுக் கலவை வாளியை அதில் கழுவுவது இரட்டைத் தவறு. குடிநீராகப் போகும் தண்ணீர் கெடும். அடியில் இறுகிய சிமெண்டைப் பெருக்கி எடுக்கவும் முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தரைவீட்டுக்காரர்கள், அதாவது அடுக்குமாடியில் இல்லாமல் தனி மனையில் வீடு வைத்திருப்பவர்கள், செய்யும் பெரிய தவறு வேறு. ‘வேலிக்குள் இருந்தால் என் இடம்தானே’ என்று நினைப்பது. வடிகாலுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் சில மனைகளுக்குள்ளேயே வரும். வடிகால்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (PUB) அனுமதியில்லாமல் அதன்மேல் சுவரோ கூரையோ மேடையோ எழுப்பக்கூடாது. பழுதுபார்க்க ஆளும் இயந்திரமும் உள்ளே வர வேண்டும், நாளைக்குக் கால்வாயை அகலப்படுத்தவும் இடம் வேண்டும். “சின்ன மேடைதானே” என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வடிகால் எல்லையைக் காட்டும் வரைபடத்தைக் கழகத்திடமே வாங்கலாம். அதைப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கார் ஏற வசதியாகச் சாலை விளிம்பில் பலகையோ சிமெண்டோ வைப்பதும் அப்படித்தான். விளிம்பை ஒட்டி ஓடும் நீர் அங்கேயே நின்றுவிடும். அப்புறம், கூட்டிய இலையை வடிகாலுக்குள் தள்ளும் பழக்கம். தண்ணீர் தேங்கினால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு, கூடவே அபராதம்.

அடைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010 ஜூன் 16 ஒரு சாட்சி. கடைத்தொகுதிகள் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலை வெள்ளக்காடானபோது, அங்குள்ள மழைநீரை வடிக்கும் ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் ஒரு பகுதியைக் குப்பை அடைத்திருந்தது தெரியவந்தது.

வடிகால் அடைத்திருந்தால், கனமான மூடியை நீங்களே தூக்கி இறங்க வேண்டாம், மழை நேரத்தில் நீரோட்டம் இழுத்துவிடும். அக்கம்பக்கப் பிரச்சினைகளை அரசிடம் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் (OneService) செயலியில் படமெடுத்து அனுப்பினால் போதும். சரி, அண்ணனின் துளசி? கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், மூன்றடுக்கு இரும்புத் தாங்கியில் இருக்கிறது.