கண் எரிந்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள்

நல்லூரில் நான் பராமரிக்கும் விடுதியின் நீச்சல் தடாகத்தில், பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் கடும் மணம், பிள்ளைகளுக்குக் கண் சிவப்பு. "அண்ணை, குளோரின் கூடிப்போச்சு, இனிப் போடாதேங்கோ" என்றார்கள். போடாமல் விட்டால் இன்னும் மோசமாகும். அந்த மணம் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அமோனியாவோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களுடையது.

சோதனைக் குழாயில் தடாக நீரை எடுத்து, எதோடும் சேராத குளோரினை நிறத்தால் காட்டும் டிபிடி 1ஆம் நம்பர் மாத்திரை போட்டேன்: மெல்லிய இளஞ்சிவப்பு, லீட்டருக்கு 1 மில்லிகிராம். அதே நீரில், சேர்ந்த குளோரினையும் கூட்டி மொத்தமாகக் காட்டும் 3ஆம் நம்பரைப் போட்டதும் நிறம் நன்றாக ஏறி 2.2 காட்டியது. வித்தியாசம் 1.2, அதுதான் குளோரமைன், 0.4க்குள் இருக்க வேண்டியது.

சரி, நீரின் அமில-கார அளவான பிஎச்சை 7.4க்குக் கொண்டுவந்து, வித்தியாசத்தின் 10 மடங்கு, அதாவது லீட்டருக்கு 12 மில்லிகிராம் ஏறும் அளவுக்குக் குளோரின் தூளைக் கரைத்து, வெயில் இறங்கிய பிறகு ஊற்றி, பம்பை இரவு முழுக்க ஓடவிட்டேன். அரைகுறையாகப் போட்டால் குளோரமைன் கூடுமே தவிர அழியாது. விடியும்போது மணம் இல்லை, ஆனாலும் குளோரின் 3க்கு இறங்கும்வரை ஒருவரையும் இறங்க விடவில்லை.

அப்புறம் தடாகத்தின் வாசலிலேயே ஷவர் பூட்டினேன். உடம்பு கழுவிவிட்டு இறங்கினால் குளோரமைன் மட்டுமல்ல, குளோரினால் நீரில் உண்டாகும் குளோரோஃபோம் போன்ற மற்ற உபபொருட்களும் குறையும்.