ஒரு ஊருக்கு மூன்று பட்டியல் வேண்டாம்: கள நோய்ப்பரவலியல் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கால்நடை உதவி மருத்துவர், குடிநீர் வாரியப் பொறியாளர் மூவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, ஊரில் நோய் யாருக்கு, எதனால் வருகிறது என்று கண்டறியப் பாடம் நடத்திவிட்டு, களத்துக்கு மட்டும் தனித்தனியே அனுப்பாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதைவிடப் பெரிய தவறு வேறில்லை என்பேன். மூவரும் மூன்று பட்டியலோடு திரும்புவார்கள். எந்த வீட்டுப் பிள்ளையும் மாடும் ஒரே போர்வெல் தண்ணீரைக் குடிக்கின்றன என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அளவு மீறினால் பல்லில் கறை படியவைக்கும் ஃபுளோரைடையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது இதற்காகத்தான். பயிற்சிக்கு வருபவர் அந்தத் திட்டத்தின் தெருக்குழாயில் மட்டும் நீர் பிடித்து 'அளவு சரி' என்று எழுதிவிடக் கூடாது. மாட்டுத்தொட்டிக்கு எந்தத் தண்ணீர், காட்டு வேலைக்குப் போகிறவர்கள் எதைக் குடிக்கிறார்கள் என்று கேட்டு, அதையும் பிடிக்க வேண்டும்.

பல் கறையைப் பார்த்து இன்றைய தண்ணீரைக் குறை சொல்வது இன்னொரு தவறு. பல்லின் மேற்பூச்சு உருவாகும் காலத்தில், சுமார் 8 வயதுக்குள், குடித்த நீர்தான் கறையாகத் தங்கும். நாற்பது வயதுக்காரரின் பல் அவர் சிறுவயதில் குடித்த கிணற்றைத்தான் காட்டும். அண்மை ஆண்டுகளின் நிலை தெரிய, பள்ளிப் பிள்ளைகளின் புதுப் பற்களைப் பாருங்கள். மாட்டுக்கும் இதே கணக்கு. போச்சம்பள்ளி சந்தையில் பல் போட்ட பிறகு வாங்கிய மாடென்றால், அது எங்கே வளர்ந்தது என்று கேட்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் தவறு உயிரையே வாங்கும். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசிந்தால், கற்றுக்கொடுக்கிறோம் என்று உடலை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி வித்தாகி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். கையுறையோடு காது ரத்தக்குழாயில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசினால் போதும்.

ஊரார் அந்த மாட்டை முன்பே அறுத்திருந்தால், அதன்பின் கறியைக் கூறு போட்டு வாங்கிய வீடுகளுக்கு மூவரும் சேர்ந்தே போக வேண்டும். அதட்டிக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தோலில் கருத்த புண் வந்தவர்களை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். தொட்டும் தின்றும் நலமாக இருப்பவர்களையும் அதே பட்டியலில் சேருங்கள். அவர்கள் இல்லாமல், நோய் வந்தது உரித்ததிலா, அறுத்ததிலா, தின்றதிலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.